வாசல் எந்தப் பக்கம் என்று கேட்கிற போட்டோகிராபர்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கட்டிடத்தைப் படம் எடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னால், கேட்கிறவர் வாயில் முதலில் வருவது ஏதாவது ஒரு கல்யாண ஸ்டுடியோவின் பெயர்தான். "நம்ம பய ஒருத்தன் இருக்கான், ட்ரோன்லாம் வச்சிருக்கான், பேசி முடிச்சிருவோம்" என்பார்கள். அந்தப் பையன் கெட்டிக்காரனாகத்தான் இருப்பான். ஐயர், மேளக்காரர், வீடியோக்காரர், அட்சதை போட முண்டியடிக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இடையில் புகுந்து, தாலி ஏறும் அந்த ஒரு நொடியைப் பிடிக்கத் தெரிந்தவன். ஆனால் ஒரு வீட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தத் திறமைக்கு அங்கே வேலை இல்லை. வீடு எங்கேயும் ஓடிவிடாது. வெயில்தான் ஓடும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய கட்டிட வடிவமைப்பு அலுவலகத்தில் இருக்கிறேன். புது வீடு, கிளினிக், ரைஸ் மில்லுக்கு ஒரு கூடுதல் கொட்டகை, பழைய வீட்டைப் பழுதுபார்த்துத் தங்கும் விடுதியாக்குவது என்று கலந்துகட்டி வேலைகள் வரும். முடிந்த வேலைகளைப் படம் எடுக்க ஆள் பிடிப்பது, விலை பேசுவது, நாள் குறிப்பது, அன்றைக்கு வீட்டுக்காரர்களைச் சமாளிப்பது எல்லாம் என் தலையில். அதனால் கடை வைத்திருக்கிற நண்பர்கள், ஆஸ்பத்திரி கட்டிய டாக்டர்கள், குற்றாலத்தில் ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள் என்று பலரும் யாரைக் கூப்பிடலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

பேச்சு முதலில் இடிக்கிற இடம் எண்ணிக்கைதான். கல்யாணத்துக்கு விலை பேசும்போது எத்தனை கேமரா, ஆல்பத்தில் எத்தனை தாள், எத்தனை போட்டோ என்று கணக்குப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதே பழக்கத்தில் கட்டிடத்துக்கும் "எத்தனை போட்டோ தருவீய?" என்று கேட்போம். நல்ல கட்டிடப் போட்டோகிராபர் "முழு நாள் எடுத்தா பதினஞ்சு, மிஞ்சிப்போனா இருபது" என்பார். வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்காரர் இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "என்ன அண்ணாச்சி இது, எம் மவன் செல்லுல அரை மணி நேரத்துல எரநூறு எடுத்துருவானே!" போட்டோகிராபர் அசரவில்லை. "எடுக்கட்டும் அண்ணாச்சி. அதுல எத போர்டுல போடுவீய?"

அந்த ஒருநாளில் அவர் என்ன செய்கிறார் என்று கூட இருந்து பார்த்தால் கணக்கு விளங்கும். வந்ததும் கேமராவை வெளியே எடுக்காமல் கட்டிடத்தைச் சுற்றி வருவார். எதிர்வீட்டு மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், ஏற அனுமதி கேட்டு வரச் சொல்வார். எங்கே நின்றால் மின்கம்பம் ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் ஒளியும் என்று தேடுவார். வாசலில் நிற்கும் பைக்குகளை அப்புறப்படுத்தச் சொல்வார். ட்ரைபாடின் கால்களை ஏற்றி இறக்கி ரசமட்டம் பார்த்து, ஒரு படம் எடுத்து, லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்து, நாலு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி, மறுபடி ரசமட்டம் பார்த்து, அப்புறம் மேகம் விலகட்டும் என்று சும்மா நிற்பார். பட்டனை அமுக்குவது இதில் கடைசி நொடி வேலை. நாம் பணம் கொடுப்பது அதற்கு முன்னால் நடந்த அத்தனைக்கும்.

இந்த வாக்குவாதம் நேற்று முளைத்ததும் இல்லை. லின்னேயஸ் ட்ரைப் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் ஓர் அதிகாரி, 1850-களின் கடைசியில் சென்னை மாகாண அரசுக்குப் போட்டோகிராபராக இருந்தார். கருவிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு 1858-ல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று கோயில் கோயிலாகப் போய் எடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிச்சுவரில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அடுத்த வருஷம் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், அரசாங்கத்தின் நிதி நிலைமைக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். நம் வண்ணார்பேட்டை அண்ணாச்சி கவர்னரோடு ஒத்துப்போகிறார், அவ்வளவுதான்.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் பார்ப்பது அவர் எடுத்த படங்களில் கதவு நிலையும் தூண்களும் நேராக நிற்கின்றனவா என்பதை. உயரமான கட்டிடத்தை எடுக்கக் கேமராவை அண்ணாந்து பிடித்தால், உள்ளே படத்தைப் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக இல்லாமல் போய்விடும். உடனே செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். நாலு மாடிக் கட்டிடம் மல்லாந்து விழப்போகிற மாதிரி தெரியும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டு எழுப்பிய சுவரைப் படத்தில் சாய்த்துவிட்டால் அவருக்கும் கோபம் வரும், எங்களுக்கும் வரும். இதற்கென்றே டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் போதும், கட்டிடத்தின் உச்சி படத்துக்குள் வந்துவிடும், கோடுகளும் நேராக நிற்கும். கேனானின் 17 மி.மீ., 24 மி.மீ. லென்ஸ்கள் 2009-ல் வந்தவை. இன்றைக்கும் கட்டிடப் போட்டோகிராபர்கள் பலர் அவற்றைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஒன்றின் விலையே லட்சத்தைத் தாண்டும். ஆட்டோஃபோகஸும் கிடையாது, கையால் திருகித்தான் குவிக்க வேண்டும். கல்யாண வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதனால்தான் ஸ்டுடியோக்களில் அது இருப்பதில்லை.

லென்ஸ் இல்லையென்றால் ஆளே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். லேசான சாய்வைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்திவிடலாம். அதிகம் நிமிர்த்தினால் ஓரங்கள் வெட்டுப்படும், மேல்மாடி இழுபட்டு உயரம் கூடித் தெரியும். தனி வீடு, ஒற்றை மாடிக் கடை என்றால், எதிரே கொஞ்சம் தள்ளி ஓர் உயரமான இடத்தில் நின்று சாதாரண லென்ஸிலேயே நேராக எடுத்துவிட முடியும். அந்த உயரத்தைத் தேடிப் போகிறவரா என்பதுதான் கேள்வி.

உள்ளறைப் படங்களில் பார்க்க வேண்டியது வேறு. அகன்ற லென்ஸை மூலையில் வைத்து எடுத்தால் பத்துக்குப் பன்னிரண்டு அறை கல்யாண மண்டபம் மாதிரி விரியும். கட்டிலின் கால்மாட்டு மூலை நீண்டு கப்பல் முனை ஆகிவிடும். குற்றாலம் சீசனுக்கு ரூம் விடுகிறவர்கள் இப்படிப்பட்ட படத்தைத்தான் ஆசையாகக் கேட்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர், கதவைத் திறந்ததும் "இந்த ரூம்தானா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு எழுதப்படும் ஒற்றை நட்சத்திர விமர்சனம் எந்தப் போட்டோவாலும் துடைக்க முடியாதது. சின்ன அறையைச் சின்ன அறையாகவே, ஜன்னலும் வெளியே தெரியும் மலையுமாக எடுத்துத் தருகிறவரைக் கூப்பிடுங்கள்.

இனி வெயில். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நம் ஊர் ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை பிறப்பதை ஒட்டி, நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அதன்பிறகு வடக்கே தாண்டிப் போய்விட்டு, ஆகஸ்ட் கடைசியில், ஆவணி நடுவாக்கில், திரும்பவும் தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்கும். அதாவது வருஷத்தில் நாலரை மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மிச்ச ஏழரை மாதமும் தெற்கே. வடக்குப் பார்த்த வீட்டின் முகத்தில் வெயில் நன்றாக விழ வேண்டுமென்றால் அந்த நாலரை மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். டிசம்பரில் எடுக்கப் போனால் காலையிலிருந்து மாலைவரை முகப்பு நிழலிலேயே கிடக்கும், பின்னால் வானம் மட்டும் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும். போட்டோகிராபர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அன்றைக்கு அவரால் செய்ய முடிந்தது அந்தி மயங்கும்வரை காத்திருந்து விளக்கு வெளிச்சத்தில் எடுப்பது மட்டும்தான்.

வாஸ்து பார்க்கிறவர்கள் கிழக்கையும் வடக்கையும் தூக்கிப்பிடிப்பார்கள், தெற்கு வாசல் என்றால் மனைக்கு விலையே குறையும். கேமராவுக்கு முன்னால் யோகம் தெற்கு வாசலுக்குத்தான். மார்கழி மாதத்தில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் தெற்கே முப்பது பாகைக்கு மேல் சாய்ந்தே நிற்கும். சன்ஷேடு, ஜன்னல் கம்பி, தூண் எல்லாவற்றின் நிழலும் சாய்வாக விழுந்து முகப்பு நாள் முழுவதும் எடுப்பாக இருக்கும். கிழக்கு வாசல் என்றால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். மேற்கு வாசலுக்குச் சாயங்காலம்.

ஆகவே போனிலேயே நான் வைக்கும் சோதனை இதுதான். போன் செய்து "ஒரு கட்டிடம் எடுக்கணும்" என்று சொன்னதும் எதிர்முனையில் இருப்பவர் என்ன கேட்கிறார்? "எத்தனை சதுர அடி?" என்று கேட்டால் அவர் விலை போடத் தயாராகிறார், தப்பில்லை. "வாசல் எந்தப் பக்கம்? எதிரே என்ன இருக்கு?" என்று கேட்டால் நான் பாதி முடிவு செய்துவிடுவேன்.

வெயிலோடு வயலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் ஜூனில் தொடங்கும் கார், அக்டோபரில் தொடங்கும் பிசானம் என்று இரண்டு போகம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு விடுதியோ பண்ணை வீடோ கட்டியிருந்தால், படத்தின் கீழ்ப்பாதி முழுக்க வயல்தான் வரப்போகிறது. மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்த பிறகு எடுத்தால் வைக்கோல் நிறத்தில் தரை வெடித்துக் கிடக்கும். மழை ஓய்ந்த தை மாதம் போனால் கீழே பச்சை, பின்னால் கழுவிவிட்ட மாதிரி பொதிகை மலை. ஜூன், ஜூலையில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல். மேகம் தணிவாக ஓடும், ஐந்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் மூட்டம். அந்த ஊர்களின் அழகே அதுதான் என்பதால், அங்கே நீல வானம் வேண்டும் என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளரை நான் புரிந்துகொண்டதே இல்லை. நனைந்த ஓட்டின் நிறத்துக்கு ஈடாக எந்த வானம் வரும்? அதே நாளில் திருநெல்வேலி டவுனில் மழை ஒரு சொட்டு இருக்காது, காற்று மட்டும் புழுதியை வாரி அடிக்கும். கண்ணாடி முகப்புள்ள கடை என்றால் படம் எடுக்கிற அன்று காலை துடைத்தால்தான் உண்டு, முந்தின நாள் துடைத்தது கணக்கில் சேராது.

அந்திப் படம் எல்லோருக்கும் வேண்டும். விளக்கெல்லாம் எரிய, வானம் கருநீலமாக இருக்க, முகப்பு மினுங்கும் அந்தப் படம். நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் அந்த நீலம் அதிகம் நிற்காது. மறைந்து கால்மணி நேரத்தில் ஆரம்பித்து, இன்னொரு பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு கோணம், ஓடியாடினால் இரண்டு. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். ஜெனரேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம் பல்புகளின் நிறம். போர்டிகோவில் வெள்ளை ட்யூப்லைட், ஹாலில் மஞ்சள் எல்.இ.டி., மாடிப்படியில் பழைய சி.எஃப்.எல். என்று இருந்தால் படத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று காய்ச்சல் கண்ட மாதிரி இருக்கும். பல்பு டப்பாவில் கெல்வின் எண் போட்டிருக்கும், 3000 என்றால் மஞ்சள் கலந்தது, 6500 என்றால் வெள்ளை. ஏதாவது ஒன்றை மட்டும் போடுங்கள். படத்துக்காக வாங்கிய பல்புகளை வீட்டுக்காரர்கள் அப்புறம் மாற்றுவதே இல்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

பழைய வீடுகள் தனிக் கதை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டைப் பழுதுபார்த்துக் கொடுத்தோம். திண்ணை, தார்சா, பட்டாசல் என்கிற கூடம், நடுவில் மேலே திறந்த வானவெளி, உள்ளே இருட்டான அரங்கு, கடைசியில் அடுக்களை என்று நீளமாகப் போகிற வீடு. வெளிச்சம் மேலே திறந்த இடத்தில் மட்டும் கொட்டும், உள்ளே போகப்போக இருட்டும். வீட்டுக்காரரின் மகனுக்கு எல்லா லைட்டையும் போட வேண்டும் என்று ஆசை. செலவு பண்ணியிருக்கிறோமே, எல்லாம் தெரிய வேண்டாமா? போட்டோகிராபர் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். இருட்டு அந்த வீட்டின் குளிர்ச்சி, அதை எடுத்துவிட்டால் சிமெண்டு வீடு ஆகிவிடும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். எச்.டி.ஆர். என்று சொல்லி, வெளிச்சம் கூடியதும் குறைந்ததுமாக நாலைந்து படம் எடுத்துக் கலந்து, நிழலே இல்லாமல் அடித்துவிடுகிற ஆட்கள் உண்டு. தேக்கு உத்தரமும் கடப்பாக் கல்லும் அதில் பிளாஸ்டிக் ஆகிவிடும். கலப்பது தவறில்லை, கலந்தது தெரியக் கூடாது.

அந்த வீட்டு ஆச்சி காலையிலிருந்து தூணோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வானவெளிப் படத்துக்கு அளவு தெரிய ஓர் ஆள் வேண்டும் என்று போட்டோகிராபர் அவரை அப்படியே இருக்கச் சொன்னார்.

"ஏ யய்யா, வீட்ட எடுக்க வந்தவன் கெழவியையும் சேத்து எடுத்தா கூலி கூடுமா?"

"கொறச்சுக்கிடுதேன் ஆச்சி. ஒரு விநாடி மட்டும் அசையாம இரிங்க."

இருட்டில் ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும். முதலில் உட்காரவைத்த மகனால் அந்த ஒரு விநாடி சும்மா இருக்க முடியவில்லை, முகம் கலங்கிப்போயிருந்தது. ஆச்சி கல்லாக இருந்தார். விடுதியின் வலைத்தளத்தில் முதல் படமே இப்போது அதுதான். முறையாகக் கேட்டு, சம்மதம் எழுதி வாங்கித்தான் போட்டார்கள். வீட்டு மனிதர்களானாலும் வியாபாரத்துக்கு அவர்கள் முகத்தைப் பயன்படுத்தும்போது அது தேவை.

படம் எடுக்கும் முன் வீட்டை ஒழிப்பது பற்றி ஒரு வார்த்தை. கேஸ் சிலிண்டர், துணிக்கொடி, இன்வெர்ட்டர், நகைக்கடை காலண்டர், பிளாஸ்டிக் நாற்காலி, செட்டாப் பாக்ஸ் வயர் எல்லாம் போகட்டும். மாலை போட்ட தாத்தா படத்தைக் கழற்றச் சொல்கிற போட்டோகிராபர்களிடம் மட்டும் நான் சண்டை போடுவேன். பட்டாசலில் அந்தப் படங்கள் இல்லையென்றால் அது யார் வீடோ.

கடைக்கும் தொழிலுக்கும் எடுக்கிற படங்களில் கட்டிடம் பாதி, சரக்கும் மனிதர்களும் பாதி. இங்கே ஒரே ஆள் இரண்டையும் செய்வாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பலர் செய்ய மாட்டார்கள். அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் நெய் மினுமினுப்பு வெள்ளைத் திட்டாகிவிடும். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் வந்தால்தான் அந்தப் பழுப்புக்குள் ஒளி ஊடுருவுவது தெரியும். அதுவும் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், ஆறிவிட்டால் நெய் உறைந்து முகம் வாடிவிடும். பத்தமடைப் பாய்க்கும் பக்கவாட்டு வெளிச்சம்தான். கோரையின் நெருக்கம் அதில்தான் புடைத்துத் தெரியும், நேர் வெளிச்சத்தில் எடுத்தால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாய்க்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ரைஸ் மில்லில் மிஷின் ஓடும்போது எடுங்கள், தவிட்டுத் தூசியில் வெளிச்சக் கோடு விழும். கேமராவுக்கு உறை போட்டுக்கொள்வது அவர் கவலை. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் முகம் தெரியவே கூடாது. டாக்டர்களையும் ஊழியர்களையும் எடுக்கும்போது விளக்கு எங்கே, திரை என்ன நிறம், எவ்வளவு தூரம் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் சேருகிற டாக்டரின் படம் மற்றவர்கள் படத்தோடு ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதை எத்தனை ஆஸ்பத்திரிச் சுவரில் பார்க்கிறோம்.

அழகுக்கு இல்லாத ஒரு தேவையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மிஷின், சரக்கு, உள் அலங்காரம் எல்லாம் எந்த நிலையில் இருந்தன என்பதற்குத் தேதியோடு நல்ல படங்கள் கையில் இருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் பேசுவது சுலபம். போட்டோகிராபர் வந்திருக்கும் அன்றே இதையும் ஒரு சுற்று எடுத்துவிடச் சொல்லலாம். இதற்கு ரசமட்டம் வேண்டாம், அரை மணி நேரம் போதும்.

ட்ரோன் விஷயத்தில் மட்டும் நம் மாவட்டத்தில் கொஞ்சம் பயம் நல்லது. கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோ. எல்லாம் இங்கேயே இருக்கின்றன. 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் காற்றாலை, கல்லூரி, குடோன் என்று எடுக்கக் கூப்பிடுகிறவர்கள், வான்வெளி வரைபடத்தைப் பார்த்தீர்களா, சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே நாள் குறியுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்பது பதில் இல்லை. அதோடு, என் கண்ணுக்கு, மேலிருந்து எடுத்த பெரும்பாலான வீடுகள் தண்ணீர்த் தொட்டியும் சோலார் ஹீட்டருமாகத்தான் தெரிகின்றன. இடத்தின் பரப்பைக் காட்ட வேண்டிய தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் அது சரி.

காகிதத்துக்கு வருவோம். படம் யாருக்குச் சொந்தம்? 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில், பணம் கொடுத்தவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. பல போட்டோகிராபர்கள் கொட்டேஷனின் கடைசியில் உரிமை தங்களுடையது, உங்களுக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும் என்று எழுதியிருப்பார்கள். அதுதான் அந்த மாற்று ஒப்பந்தம். ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், கட்டிடப் படத்தொழிலில் அது வழக்கம், விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் வம்பு. வலைத்தளத்தில் போடலாமா, ஃப்ளெக்ஸ் அடிக்கலாமா, டைல்ஸ் கம்பெனிக்காரர் கேட்டால் கொடுக்கலாமா என்பதைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். டைல்ஸ்காரர், பெயிண்ட் டீலர், காண்ட்ராக்டர், நாங்கள், வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் அதே படங்கள் வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே நாலு பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்து, நாலு பேர் பெயரையும் ஒப்பந்தத்தில் போட்டுவிட்டால் ஆளுக்கு விழுவது சொற்பம். எங்கள் அலுவலகத்தில் இப்போது இப்படித்தான் செய்கிறோம். எங்கே படம் வந்தாலும் எடுத்தவர் பெயரைப் போடுங்கள், அது அவருக்கு அடுத்த வேலையைக் கொண்டுவரும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் சேரும். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆகவே சிறிய ஆட்கள் பில்லில் அது இருக்காது. பயணம், உதவியாள், சாப்பாடு, படங்களைச் சரிசெய்யும் வேலை எல்லாம் சொன்ன தொகைக்குள்ளா வெளியேயா என்று கேளுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், சுருங்கிப்போய் வரும். டிரைவ் லிங்க் கேளுங்கள், பெரிய அளவில் ஒன்று, வலைத்தளத்துக்குச் சிறியதாக ஒன்று. கேமராவில் பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைல் கேட்டு நச்சரிக்க வேண்டாம், பெரும்பாலானவர்கள் தரமாட்டார்கள், நமக்கும் அதை வைத்து ஒன்றும் செய்யத் தெரியாது.

சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஆளை வரவழைப்பதா, உள்ளூர் ஆளா? பத்திரிகைக்கு அனுப்புகிற அளவுக்குப் பெரிய வேலை என்றால் வெளியூர் ஆள் சரி. மற்றபடி எனக்கு உள்ளூர் ஆட்கள்மேல்தான் சாய்வு. வெளியூர்க்காரர் இரண்டு நாள் ரூம் போட்டிருப்பார், மேகம் மூடினாலும் அந்த இரண்டு நாளுக்குள் எடுத்துக்கொண்டு ரயில் ஏற வேண்டும். உள்ளூர்ப் பையன் "இன்னைக்கு வெளிச்சம் சரியில்ல, நாளக்கி காலைல வாரேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கல்யாணம் எடுக்கிறவர்களிலேயே கோயில் மண்டபம், ஆற்றுப் பாலம் என்று சும்மா இருக்கும்போது எடுத்துத் திரிகிற ஒருவராவது ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். அவரிடம் பொறுக்கியெடுத்த பத்துப் படத்தைக் கேட்காதீர்கள், ஒரே கட்டிடத்தை முழுவதுமாக எடுத்த வரிசையைக் கேளுங்கள். அதில் அடுக்களையும் மாடிப்படியும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

அவரைப் பிடிக்கத் தோதான காலமும் நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் கூப்பிட்டால் போனையே எடுக்க மாட்டார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கேமரா பீரோவில் தூங்கும், விலையும் பேசலாம். ஆடியில் சூரியன் வடக்கே நிற்பதால் வடக்கு வாசல்காரர்களுக்கு அதுதான் மாதம், கார் பயிரும் பச்சையாக நிற்கும், காற்றை மட்டும் சமாளிக்க வேண்டும். தெற்கு வாசலுக்கு மார்கழி. முதல் வாரம் மழை மிச்சமிருக்கலாம், பிற்பாதியில் குறித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பாதி கேட்பார்கள், கொடுக்கலாம். மழை வந்தால் கூடுதல் காசு இல்லாமல் இன்னொரு நாள் வருவாரா என்பதை முதல் போன் பேச்சிலேயே கேட்டு, அதை மட்டும் ஒரு வரியாக எழுதி அனுப்பச் சொல்லிவிடுங்கள்.